மற்றும் குடும்பத்தினர் அனைவருக்கும்

கேபிள் பாய் போன் செய்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கொழிஞ்சாம்பாறையில் அவருக்கு ஒரு துணிக்கடை, அதன் மாடியில் கேபிள் சேனல். அதனால் ஊருக்கெல்லாம் அவர் கேபிள் பாய். இருபது வருடங்களுக்கு முன்பு அந்தச் சேனலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பாட்டு நிகழ்ச்சி வந்தது. நேயர்கள் தபால் அட்டையில் பாட்டுக் கேட்பார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து அட்டைகளைப் படித்துவிட்டுப் பாட்டுப் போடுவோம். அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான்.

“ஏம்மா, அந்தப் பழைய டேப்பெல்லாம் ஒண்ணும் கெடாம இருக்கு. பொங்கலுக்கு ஒரு வாரம், இங்கயும் மறையூர்லயும், திரும்பப் போடலாம்னு பாக்குறேன். அதுக்கு உங்க ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். அதோட சேனலையும் மூடிடப் போறேன். இப்ப யாரும்மா கேபிள் பாக்குறா?” என்றார் பாய்.

பாய் சேனலை மூடுகிறாரே என்று நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணம் ஆனதும் என் மாமனார், “புள்ள டிவியில வந்ததெல்லாம் போதுமுங்க, ஊட்டைப் பாக்கட்டும்” என்று சொல்லி என் கலையுலக வாழ்க்கையை முடித்துவைத்துவிட்டார். நான் டிவியில் வந்ததற்கு வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. பாலக்காட்டுக் கல்லூரியில் படிக்கும் என் மகளிடம், ‘நானும் ஒரு காலத்தில்’ என்று ஆரம்பித்தாலே, “சரிம்மா, சரிம்மா” என்பாள். பொய் சொல்லும் குழந்தையிடம் நாம் பேசுவோமே, அந்தக் குரலில். அவளை ஒரு நாள் டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டால் போதும் என்று வெகுநாளாக மனதுக்குள் ஓர் ஆசை.

“போடுங்க பாய், நல்லாப் போடுங்க. நான் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேனுங்க” என்றேன்.

“நீ போடுவே. உன் தம்பி போடமாட்டேங்கறானே.”

தம்பி என்று பாய் சொன்னது என்னோடு நிகழ்ச்சி நடத்தியவனை. கூடப் பிறந்தவன் அல்ல. என்னைவிட இரண்டு வயது சின்னவன், என்னை அக்கா என்பான், நான் தம்பி என்பேன். மலைமேல் இருக்கும் சித்திரபுரத்துக்காரன். அப்பா அங்கே மின்வாரியத்தில் எழுத்தர். வாரியத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் தமிழ் படிக்க எங்கள் பக்கத்துக் கல்லூரிக்கு வந்தான். வெள்ளைச் சட்டையும், நெற்றியில் சுருண்டு விழும் முடியுமாக, பார்த்த பெண்களெல்லாம் அட்டை எழுதும்படியான முகம். அவன் அப்பாவுக்குப் பத்திரம் இல்லாமல் சாப்பாடு இறங்காது. மகன் டிவியில் வருவதற்கும் ஒரு பத்திரம் எழுதிக் கொண்டுவந்துவிட்டார். ஒரு நிகழ்ச்சியை ஓர் ஊரில் ஒரு தடவைதான் போடலாம், மறுபடி போடுவதென்றால் தொகுப்பாளர்களின் சம்மதபத்திரம் வேண்டும் என்று. அன்றைக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தப் பத்திரம்தான் இப்போது குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

நான் அவனுக்குப் போன் செய்தேன். மறையூரில் பெண் எடுத்து, அங்கேயே கரும்புத் தோட்டமும் வெல்ல ஆலையுமாக அவன் தங்கி வெகுநாளாகிறது.

“முடியெல்லாம் போச்சுக்கா. வெக்கமா இருக்கு” என்றான்.

“டேப்புல முடி இருக்குதல்லோ தம்பி!”

“அதாங்க்கா சொல்லுதேன். அதப் பாத்துட்டு என்னப் பாத்தா சிரிக்க மாட்டாங்களா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வழுக்கைத் தலைக்காக என் இருபது வருட ஆசை பாழாவதா? சனிக்கிழமை முதல் பஸ்ஸில் பொள்ளாச்சி போய், உடுமலைப்பேட்டை போய், அங்கிருந்து மறையூர் பஸ் ஏறிவிட்டேன். பைக்குள் பாய் கொடுத்த சம்மதபத்திரம். சின்னாறு செக்போஸ்ட் தாண்டும்வரை அவனைத் திட்டுவதற்கு வசனம் தயார் செய்துகொண்டே போனேன்.

எனக்கு எல்லாவற்றிலும் அவசரம். இதை இங்கே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையே என் அவசரத்தால் வந்ததுதான்.

எங்கள் நிகழ்ச்சியைப் புதன்கிழமை பதிவு செய்வோம். வெள்ளிக்கிழமை கொழிஞ்சாம்பாறையில் ஓடும். அப்புறம் அந்த டேப் கண்டக்டர் கையில் உடுமலைப்பேட்டை வழியாக மறையூர் போய், அங்கிருக்கும் கேபிள்காரர் அடுத்த வெள்ளிக்கிழமை போடுவார். இன்னொரு நகல் வண்டிப்பெரியாருக்குப் போகும். மறையூர்க்காரர்களுக்கு எங்கள் வெள்ளிக்கிழமை ஒரு வாரம் பிந்தித்தான் வரும். அட்டைகளோ சாக்கு சாக்காக வந்தன.

அந்த அட்டைகளில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்ததோ தெரியாது. அப்பா, அம்மா, பெரியப்பா, சித்தி, மாமா என்று குடும்பம் முழுக்க வரிசையாகப் பெயர் எழுதி, எல்லாருக்காகவும் இந்தப் பாட்டு என்று கேட்பார்கள். பெரியவர்களுக்கு ஒரே பூரிப்பு. பையன் பாட்டுக் கேட்டால்கூடக் குடும்பத்தை மறக்கவில்லை பார் என்பார்கள். ஆனால் பாட்டு அவர்கள் யாருக்கும் அல்ல. பட்டியலில் கடைசியாக ஒரு பெயர் இருக்கும், உறவுமுறை எதுவும் போடாமல். பாட்டு அந்தப் பெயருக்கு. இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருந்த எல்லாருக்கும் இது தெரியும், மேலே இருந்த ஒருத்தருக்கும் தெரியாது. வீட்டுக்குக் கடிதம் போட்டால் அப்பா பிரித்துவிடுவார். டிவியை யார் பிரிக்க முடியும்?

தம்பி அந்தக் கடைசிப் பெயரை மட்டும் தனியாக, நிறுத்தி, மெதுவாகப் படிப்பான். முன்னால் உள்ள பெரியப்பாக்களை எல்லாம் ரயில் வேகத்தில் ஓட்டிவிடுவான். நான் எல்லாப் பெயரையும் ஒரே வேகத்தில் படிப்பேன். அதற்கே என்னிடம் சண்டை பிடிப்பான்.

கஞ்சிக்கோட்டில் ஏதோ கம்பெனி வேலையில் இருந்த ஒரு பையன் பச்சை மையில் எழுதுவான். மறையூர்ப் பையன் என்று அட்டையிலேயே தெரியும். ஒரு வருடம் விடாமல் எழுதினான். கடைசிப் பெயர் எப்போதும் ஒன்றேதான், ஏதோ ஒரு பெண்ணின் செல்லப் பெயர். கஞ்சிக்கோட்டில் பாயின் கேபிள் கிடையாது. அதனால் அவன் எங்கள் நிகழ்ச்சியை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க முடியாது. நாங்கள் படித்திருப்போம் என்று நம்பி எழுதிக்கொண்டே இருந்தான்.

ஒரு புதன்கிழமை, டேப் தீரப்போகிறது என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து பாய் கையைச் சுழற்றுகிறார். என் கையில் பச்சை மை அட்டை. அப்பா, அம்மா, இரண்டு சித்தப்பா வரைக்கும் படித்தேன். அட்டையைத் திருப்பினால் பின்பக்கமும் பெயர்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. “மற்றும் குடும்பத்தினர் அனைவருக்கும்!” என்று சொல்லிச் சிரித்துப் பாட்டைப் போட்டுவிட்டேன்.

பதிவு முடிந்ததும் தம்பி அந்த அட்டையை வாங்கிப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்ததைக் காட்டினான். ‘இந்த வாரம் கடைசிப் பெயரை மறக்காமல் படிக்கவும்.’

“அடுத்த வாரம் படிச்சாப் போச்சு, அதுக்கென்ன?” என்றேன் நான்.

பச்சை மை அட்டை அப்புறம் வரவே இல்லை. தம்பி என்னோடு பத்து நாள் பேசவில்லை. ஓர் அட்டைக்கு இத்தனை அலட்டலா என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமானது, அவனும் படிப்பு முடிந்து மலைக்குப் போய்விட்டான்.

மறையூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கரும்புச்சாறு காய்ச்சும் வாசனை தெருவரைக்கும் வந்தது. தம்பி வாசலில் நின்றிருந்தான். உண்மையாகவே ஒரு முடி இல்லை. தயார் செய்துவந்த வசனமெல்லாம் மறந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிங்க, நல்லாச் சிரிங்க. அதுக்குத்தான் கையெழுத்துப் போடலங்கேன்” என்றான்.

அவன் மனைவி காபி கொண்டுவந்தாள். நாற்பதை நெருங்கும், வாய்க்குள் சிரிப்பை அடக்கிவைத்திருக்கும் முகம். கல்யாணத்தில் பார்த்ததற்கு அப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன். அவள் உள்ளே போனதும் அவன், “வாங்கக்கா, ஆலையப் பாத்துட்டு வருவோம்” என்று என்னை அழைத்துப்போனான்.

ஆலை என்பது நான்கு பக்கமும் திறந்த ஓலைக் கொட்டகை. நடுவில் அடுப்பின் மேல் ஓர் ஆள் படுக்கலாம் போன்ற அகலக் கொப்பரையில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“முடியெல்லாம் சும்மாக்கா. பச்ச மை அட்ட ஞாபகம் இருக்கா?”

இருந்தது.

“நான் இவளப் பொண்ணு பாக்க வந்தேன். லட்டு கொடுத்தாங்க. உள்ள இருந்து எங்க மாமியா இவளக் கூப்பிட்டாங்க, செல்லப் பேரச் சொல்லி. அந்தப் பேருக்கா. லட்டு தொண்டையில நின்னுட்டு.”

அவன் ஓர் அகப்பையை எடுத்துச் சாற்றின் நுரையை ஒதுக்கினான்.

“நான் ஒண்ணும் கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல. அவளும் சொன்னதில்ல. அவன் கைவிட்டுட்டான்னு நெனச்சுத்தான் அவ எனக்குச் சரின்னு சொல்லியிருக்கா. டேப் திரும்ப இங்கயும் ஓடுச்சுன்னா என்னாகும்? அன்னைக்கு அவ கவனிச்சிருக்க மாட்டா, இப்ப கவனிப்பா. நீங்க அட்டயப் பாதியில நிறுத்துறது அவளுக்குத் தெரிஞ்சிரும். அவன் எழுதித்தான் இருந்தான், நாமதான் படிக்கலன்னு தெரிஞ்சா, இந்த வீட்டுல நான் யாருக்கா?”

இரண்டு பிள்ளைகளைப் பெற்று, மூத்தவள் பத்தாம் வகுப்புக்கும் வந்துவிட்டாள். ஆனாலும் இதைச் சொல்லும்போது அவன் குரல் அந்தக் கல்லூரிப் பையன் குரலாகத்தான் இருந்தது. எனக்கு அவனை அணைத்துக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. பைக்குள் இருந்த பத்திரத்தை நான் வெளியிலேயே எடுக்கவில்லை.

பாகு பதம் வந்துவிட்டது என்று வேலையாட்கள் குரல் கொடுத்தார்கள். ஒரு நிமிடம் பிந்தினால் வெல்லம் கெட்டுவிடும். அவன் அந்தப் பக்கம் ஓடினான். நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

சமையலறையில் அவன் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொன்னாள்.

“என்னக்கா, போட மாட்டேன்னுட்டாரா?”

“ஆமா. முடி போயிருச்சாம், வெக்கமாம்.”

“எனக்கும் அதே பொய்தான் சொன்னாரு” என்றவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். “நீங்க ஒரு வாரம் அட்டையைத் திருப்பிப் பாத்துட்டு, குடும்பத்தினர் அனைவருக்கும்னு முடிச்சீங்க. ஞாபகம் இருக்காக்கா?”

மறுக்கவா, ஒத்துக்கொள்ளவா? ஒத்துக்கொண்டால் இப்போதுதான் மனதைத் திறந்தவனுக்குத் துரோகம். மறுத்தால் அதே பெண்ணுக்கு இரண்டாவது தடவை துரோகம்.

“இருக்குது. பின்னாடி எழுதியிருந்துச்சு. நான்தான் படிக்கல. என் மேலதான் தப்பு” என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளிக்கவும் தோன்றவில்லை.

“எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. டிவிக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டுல்ல உக்காந்திருந்தேன். பின்பக்கம் பச்சையா எழுதியிருந்தது தெரிஞ்சுச்சு.”

“தெரிஞ்சுமா?”

“எங்க வீட்டுல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. பொண்ணு கேட்டு வர்றதா இருந்தா இந்த வாரம் பேரைச் சொல்லுன்னு தோழிகிட்ட அவனுக்குச் சொல்லி விட்டிருந்தேன். நீங்க படிக்கல. சரி, டீச்சரு விட்டுட்டாங்க, அவன் நேர்ல வருவான்னு ஆறு மாசம் இருந்தேன். கஞ்சிக்கோட்டுல இருந்து மறையூருக்கு பஸ்ஸா இல்ல? அட்டை போட்டாச்சு, இனி பதில் வரட்டும்னு அங்கனயே உக்காந்திருக்கான். அவனை நம்பி நான் என்ன பண்றது? அப்புறம் திருப்பூருக்குப் போயிட்டதாக் கேள்வி.”

அப்போது நான் டீச்சர் இல்லை. ஆனால் திருத்துகிற நேரம் அல்ல அது.

“இவரு வந்தாரு. அவங்க அப்பா கையில ஒரு பத்திரத்தோட வந்தாருக்கா, சத்தியமா! சீர் எதுவும் கேக்க மாட்டோம்னு எழுதிக் கொண்டுவந்தாரு.” அவள் சிரித்தாள். “இவருக்கு லட்டு தொண்டையில சிக்கிருச்சு. எங்கம்மா என்னைக் கூப்பிட்டதும் சிக்குனத நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். எந்திரிச்சுப் போயிருவாருன்னு நினைச்சேன். தண்ணியக் குடிச்சுட்டு, எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்குன்னாரு.”

“இதை அவங்கிட்டச் சொல்லிரலாமல்லோ? பாவம், இன்னும் பயந்துக்கிட்டு இருக்கறான்.”

“சொல்லணும்னு எத்தனையோ தடவை நினைச்சிருக்கேன். ஆனா சொன்னா, இம்புட்டு வருஷமும் பயந்தது வீணான்னு அவருக்கு ஆயிருமேக்கா. எனக்காகத்தானே மூடி வைக்கிறாரு. வைக்கட்டும். எனக்கு அவரைப் பிடிச்சுத்தான் கட்டிக்கிட்டேன், அது எனக்குத் தெரிஞ்சாப் போதும்.” மறுபடி கத்தியை எடுத்தாள். “அந்த டேப்பு வேண்டாங்க்கா. முடியோட அவரைப் பாக்கணும்னு ஆசைதான். இருந்தாலும் வேண்டாம்.”

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது தம்பி சூடு ஆறாத வெல்ல உருண்டைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். “பாய்ட்ட கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க” என்றான். அவன் தோளுக்குப் பின்னால் நின்று அவள் எனக்குக் கண்ணைக் காட்டினாள். பஸ் சந்தனக் காட்டைத் தாண்டும்வரை, இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு எத்தனை நன்றாக வாழ்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முடிந்து, மகளையும் கூட்டிக்கொண்டு பாயின் கடைக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன் அவர் ஒரு பழுப்புத் தாளை நீட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“அவன் அப்பா எழுதின பத்திரம் கிடைச்சிருச்சும்மா! வக்கீல்கிட்டக் காமிச்சேன். ரெண்டு பேர் கையெழுத்து வேணும்னு நாமதான் தப்பா நெனச்சுட்டு இருந்தோம். ஒருத்தர் சம்மதிச்சாப் போதும்னுதான் எழுதியிருக்காரு. நீ மட்டும் போடு, பொங்கலுக்கு ஓட்டிடலாம்.”

பேனாவையும் மூடி கழற்றித் தயாராக வைத்திருந்தார். பக்கத்தில் என் மகள், “நிஜமாவே நீ டிவியில வந்தியாம்மா?” என்று முதல் தடவையாக அக்கறையோடு கேட்டாள். எனக்கு அந்தப் பேனாவை எடுக்க எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

“இல்லீங்க பாய். நான் போட மாட்டேனுங்க.”

“ஏம்மா! என்னாச்சு?”

“முடியெல்லாம் நரைச்சுப்போச்சுங்க. வெக்கமா இருக்குது.”

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “டேப்புல உனக்கு நரைக்கலையேம்மா! ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டா வர்றீங்க? என் வீட்டு இட்லிதானே தின்னீங்க அன்னைக்கு?” என்று பொரிந்து தள்ளினார். நான் வெல்லப் பொட்டலத்தை அவர் மேசைமேல் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றேன். ஓர் உருண்டையை வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் கொஞ்சம் தணிந்தார். ஊருக்குத்தானே போடக்கூடாது, எங்களுக்கு மட்டும் ஒரே ஒரு டேப் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். எந்த டேப் என்றும் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே தேடி எடுத்தார்.

மாடியில் பழைய பிளேயரில் அது ஓடியது. இரட்டைப் பின்னலும் நீலத் தாவணியுமாக நான் வந்தேன். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் சுருட்டை முடியோடு தம்பி. பச்சை மை அட்டை என் கைக்கு வந்தது. அப்பா, அம்மா, இரண்டு சித்தப்பா. அட்டையைத் திருப்பினேன். அவசரமாகச் சிரித்தேன். பக்கத்தில் தம்பி சட்டென்று என் கையிலிருந்த அட்டையைப் பார்ப்பது இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

திரையில் இருந்தவள் குடும்பத்தினர் அனைவருக்கும் என்று முடித்தாள். பாட்டு ஆரம்பித்தது. நான் அந்தச் செல்லப் பெயரைத் தம்பி படிப்பதுபோல நிறுத்தி, மெதுவாக, ஒரு தடவை சொன்னேன்.

“யாரும்மா அது?” என்றாள் மகள்.

“அந்த அட்டையில கடைசிப் பேரு. மறக்காமப் படிக்கச் சொல்லி எழுதியிருந்தான்.”